பெர்ரியில் இருக்கிறேன்: இன்னா, ஆன்னா, அட்டா?

போன மாதம் ஒரு மாலை, பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் பெர்ரியில், அதாவது பயணிகள் கப்பலில், வந்துகொண்டிருந்த அக்கா மகள் எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: “ஐ ஆம் இன் பெர்ரி, மாமா.” நான்காம் படிவம் படிக்கிற பிள்ளை, இங்கிலீஷ் நன்றாகவே பேசுவாள். சும்மா இருந்திருக்கலாம். நான் “ஆன் தி பெர்ரி” என்று திருத்தி அனுப்பினேன், மாமாமார்களுக்கு வேறு என்ன வேலை. அரை நிமிடத்தில் பதில் வந்தது: “ஆன்னா மேலதானே? நான் என்ன கூரை மேலயா உட்காந்திருக்கேன்?”

கேள்வி நியாயமானது. அவளுக்கு மட்டுமல்ல, நமக்கெல்லாம் சின்ன வயதில் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பட்டியல் எழுதிப் போட்டார்கள். ஆன் என்றால் மேல், இன் என்றால் உள்ளே, பை என்றால் ஆல், வித் என்றால் உடன், ஃபிரம் என்றால் இருந்து. மனப்பாடம் செய்தோம், பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்பினோம், பாதி சரி பாதி தப்பு, அத்தோடு ஐந்தாம் படிவம் முடிந்து வேலைக்கும் வந்துவிட்டோம். பட்டர்வொர்த்தில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிற எனக்குத் தோன்றுவது என்னவென்றால், அந்தப் பட்டியல்தான் நம்மைக் கெடுத்தது. தமிழ் பேசுகிறவனுக்கு இந்தச் சொற்களில் பாதி ஏற்கெனவே தெரியும், ஆனால் பட்டியலில் சொன்ன வழியாகத் தெரியாது.

முதலில் பெயரைப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் பிரிப்போசிஷன், தமிழில் முன்னிடைச்சொல், மலாய்ப் பாடத்தில் காத்தா செண்டி நாமா. (அந்த மூன்று மலாய்ச் சொல்லும் சமஸ்கிருதத்திலிருந்து போனவை, நம்மிடம் கதை, சந்தி, நாமம் என்று இருப்பவைதான். முழங்கால் மூட்டுக்கும் மலாயில் செண்டிதான்.) எனக்குப் பிடித்த பெயர் மலாய்ப் பெயர், ஏனென்றால் இந்தச் சொற்கள் செய்கிற வேலை மூட்டு வேலைதான். தனியாக எடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு அர்த்தமும் உருப்படியாகத் தேறாது, ஆனால் மூட்டு கழன்றால் வாக்கியம் நொண்டும். இங்கிலீஷில் மிக அதிகமாகப் புழங்கும் முதல் பத்துச் சொற்களில் ஆவ், டு, இன் மூன்றும் இருக்கின்றன. பத்தில் மூன்று மூட்டு.

சரி, பெர்ரிக்கு வருவோம்.

தமிழில் ‘இல்’ என்ற ஒரே உருபு எல்லா இடத்தையும் விழுங்கிவிடும். பெர்ரியில், காரில், சுவரில், மரத்தில், பினாங்கில், கல்யாணத்தில், போனில். கூர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால் நம்மிடம் வழி இல்லாமல் இல்லை. பெட்டிக்குள் என்போம், மேசை மேல் என்போம், கதவருகே என்போம். நன்னூலில் ஏழாம் வேற்றுமைக்கு மட்டும் 28 உருபுகளை அடுக்கியிருக்கிறார் பவணந்தியார்: கண், கால், கடை, இடை, முன், பின், மேல், கீழ், உள், அகம், புறம் என்று போகும், ‘இல்’ அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். ஆனால் அன்றாடம் பேசும்போது அவ்வளவும் தேவைப்படுவதில்லை, ‘இல்’ போட்டால் கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். இங்கிலீஷில் அந்தச் சலுகை கிடையாது. இடம் எப்படிப்பட்டது என்று ஒவ்வொரு தடவையும் முடிவு செய்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். இதை அநியாயம் என்று நினைக்கிறவர்கள், தமிழ் கற்கிற வெள்ளைக்காரர் ஒருவர் ‘நாம்’ எது, ‘நாங்கள்’ எது என்று தடுமாறுவதை ஒரு முறை பார்க்க வேண்டும். அவருக்கு இரண்டுமே ‘வீ’. நமக்கோ கேட்கிறவரையும் சேர்த்தா சேர்க்காமலா என்று ஒவ்வொரு தடவையும் முடிவு செய்வது ஒரு வேலையாகவே தெரிவதில்லை. ஒவ்வொரு மொழியும் எதையாவது ஒன்றைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கிலீஷ் கட்டாயமாகக் கேட்பது வடிவத்தை. இது ஒரு புள்ளியா, பரப்பா, அடைப்பா? புள்ளி என்றால் அட், பரப்பு அல்லது கோடு என்றால் ஆன், அடைப்பு என்றால் இன். பொருளின் உண்மையான வடிவத்தை அது கேட்கவில்லை, பேசுகிறவர் அந்த நேரத்தில் அதை எப்படிப் பார்க்கிறார் என்றுதான் கேட்கிறது. மரத்தில் குருவி இருந்தால் ‘இன் தி ட்ரீ’, அதே மரத்தில் மாங்காய் இருந்தால் ‘ஆன் தி ட்ரீ’. குருவி இலைகளுக்கு நடுவே, மரம் என்ற கூட்டுக்குள் அடைந்திருக்கிறது, மாங்காயோ கிளையில் ஒட்டித் தொங்குகிறது. தமிழில் இரண்டுக்கும் மரத்தில்தான்.

அப்படியே வண்டிகளுக்கு வாருங்கள். கார், டாக்ஸி, வேன், லாரி எல்லாம் இன். ஏறினால் உட்கார வேண்டியதுதான், எழுந்து நடமாட முடியாது, ஒரு பெட்டிக்குள் அடைந்த மாதிரி. பஸ், ரயில், விமானம், கப்பல், பெர்ரி எல்லாம் ஆன், ஏனென்றால் உள்ளே ஒரு தளம் இருக்கிறது, அதன் மேல் நடந்து போகலாம். 2023 ஆகஸ்டில் வந்த புதுப் பெர்ரிகளில் குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்து போனாலும் அவையும் ஆன்தான், கூரை இருக்கிறதா இல்லையா என்பது கணக்கிலேயே வராது. மோட்டார் சைக்கிளும் ஆன், அதில் நடக்க முடியாது என்றாலும் அதற்கு உள்ளே என்று ஒன்று இல்லையே. மீனவர் ஓட்டுகிற சின்னச் சம்பான் என்றால் இன், உட்கார்ந்தபடி போகிற கிண்ணம் அது.

இதைச் சொல்லி முடித்ததும் மருமகள் கேட்டாள், “அப்போ லிஃப்ட்? அதுல நின்னுக்கிட்டுதானே போறோம், ஆன் தி லிஃப்டா?” இல்லை, இன் தி லிஃப்ட். நிற்கலாம், ஆனால் நாலு பக்கமும் சுவர், அது பெட்டி. பினாங்கில் வானளாவ நிற்கிற கொம்தார் கட்டடத்தில் வேலை செய்கிறவர் ‘இன் தி லிஃப்ட்’ ஏறி ‘ஆன் தி தேர்ட்டியத் ஃபுளோர்’ போய் இறங்குவார், கீழே வந்து சந்திக்கலாமா என்று நண்பரிடம் கேட்கும்போது மட்டும் ‘அட் கொம்தார்’ என்பார், ஏனென்றால் அப்போது அத்தனை மாடியும் அவருக்கு வரைபடத்தில் வைத்த ஒரு புள்ளி. ஒரே கட்டடம்தான், எங்கிருந்து பார்க்கிறோம் என்பதில் மாறுகிறது.

இதற்குப் பினாங்கை விட நல்ல உதாரணம் உலகத்தில் இருக்குமா என்று தெரியவில்லை. ‘இன் பினாங்’, ஆனால் ‘ஆன் பினாங் ஐலண்ட்’. மாநிலம் என்பது எல்லை போட்ட ஒரு அடைப்பு, அதனால் இன். தீவு என்பது கடலுக்கு நடுவே கிடக்கிற ஒரு பரப்பு, அதனால் ஆன். இது வெறும் இலக்கண விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். பினாங்கு மாநிலத்தில் தீவும் உண்டு, அக்கரையில் செபராங் பிறையும் உண்டு. பட்டர்வொர்த்தில் இருக்கிற ஒருவர் ‘இன் பினாங்’ என்று சொன்னால் அது முழு உண்மை, ‘ஆன் தி ஐலண்ட்’ என்று சொன்னால் பொய். நம் அலுவலகத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் இதில் அடிக்கடி வழுக்குவார்கள். சரக்கு ‘இன் பினாங்’ இருக்கிறது என்று எழுதியதைப் பார்த்துவிட்டுத் தீவுப் பக்கம் ஓட்டல் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் 13.5 கிலோமீட்டர் பாலத்தில் நெரிசலில் நின்றுகொண்டு போன் அடிப்பார்கள். “சிங்கப்பூரும் தீவுதானே, மாமா?” தீவுதான், ஆனால் நாடு என்று நினைத்துத்தான் அதைப் பேசுகிறோம், ஆகவே இன். லங்காவிக்கு இரண்டையும் கேட்டிருக்கிறேன், இரண்டும் தப்பில்லை.

தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போனவர்கள் இதை ஒரே மூச்சில் பழகிப் பார்க்கலாம். கோயிலில் இருந்தேன் என்பது ‘அட் தி டெம்பிள்’, அந்த ஐந்நூற்றுச் சொச்சம் படிகளில் ஏறிக்கொண்டிருந்தேன் என்பது ‘ஆன் தி ஸ்டெப்ஸ்’, கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன் என்பது ‘இன் தி கிரவுட்’. மூன்று ‘இல்’, மூன்று வேறு சொல். ஒரு விசேஷம், கல்யாணம் என்றால் பெரும்பாலும் அட், அது இடம் கூட இல்லை, ஒரு நிகழ்ச்சி.

போன், டிவி, ரேடியோ, வாட்ஸ்அப், முகநூல் எல்லாமே ஆன். ‘இன் தி போன்’ என்றால் கைப்பேசியைப் பிரித்து உள்ளே பார்க்கிற மாதிரி. ஆனால் படம், புத்தகம், செய்தித்தாள், மின்னஞ்சல் எல்லாம் இன், அவற்றுக்கு உள்ளடக்கம் என்று ஒன்று இருக்கிறது. வெயிலில், மழையில், இருட்டில் என்பவையும் இன், அவை நம்மைச் சூழ்ந்து நிற்பவை.

எதிரில், முன்னால் என்ற இரண்டில் நான் ஒரு தடவை நல்ல வெயிலில் அரைமணி நேரம் காய்ந்திருக்கிறேன். ஒரு வங்கிக்கு எதிரில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ‘இன் ஃபிரண்ட் ஆவ்’ என்று நண்பருக்கு அனுப்பினேன். அவர் வங்கி வாசலில் காரை நிறுத்தித் தேடுகிறார், நான் சாலையின் அந்தப் பக்கம் ஒட்டுக்கடை ஓரத்தில். நடுவே சாலை இருந்தால் ‘ஆப்போசிட்’, இல்லையென்றால்தான் ‘இன் ஃபிரண்ட் ஆவ்’. அந்த ஆப்போசிட்டுக்குப் பின்னால் டு, ஆவ் எதுவும் வேண்டாம், நேராக ‘ஆப்போசிட் தி பேங்க்’.

இடத்தில் மலாயும் நம்மைக் கொஞ்சம் இழுக்கிறது. மலாயில் ‘டி’ என்ற ஒரே சொல் எல்லா இடத்துக்கும் போதும், டி ருமா, டி பாசார், டி பினாங். அதைத் தூக்கி இங்கிலீஷில் வைத்தால் எல்லாம் அட் ஆகிவிடுகிறது. ‘ஐ ஸ்டே அட் பட்டர்வொர்த்’ என்று இங்கே பத்துப் பேரிடம் கேட்கலாம். ஊர், மாநிலம், நாடு என்றால் இன்தான். ஆனால் ஒரு விஷயத்தில் தமிழும் மலாயும் ஒரே கட்சி. கடைக்குப் போனேன், ஆனால் அம்மாவிடம் போனேன். வங்கியில் கேட்டேன், ஆனால் மேனேஜரிடம் கேட்டேன். ஆள் என்றால் நாம் ‘இடம்’ போடுவோம். மலாயிலும் இடத்துக்கு கெ, ஆளுக்கு கெபாடா, இடத்திலிருந்து என்றால் டாரி, ஆளிடமிருந்து என்றால் டாரிபாடா. இங்கிலீஷுக்கு ஆளா இடமா என்ற கவலையே கிடையாது, போவதற்கு டு, வருவதற்கு ஃபிரம், முடிந்தது கதை. ஒரு இடத்தில் நமக்கு வேலை கூடுகிறது என்றால் இன்னொரு இடத்தில் குறைகிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

இப்போது நேரம். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் ஒரு தமிழன் இதில் தப்புச் செய்யவே தேவையில்லை. ஏழு மணிக்கு. திங்கட்கிழமையன்று. மார்ச்சில். இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘க்கு’ வந்தால் அட், ‘அன்று’ வந்தால் ஆன், ‘இல்’ வந்தால் இன். அட் செவன், ஆன் மண்டே, இன் மார்ச். 2019இல் என்றால் இன், தைப்பூசத்தன்று என்றால் ஆன், நடு ராத்திரி 12 மணிக்கு என்றால் அட், காலையில் என்றால் இன் தி மார்னிங். தீபாவளிக்கு வருகிறேன் என்றால் அட் தீபாவளி, தீபாவளியன்று வருகிறேன் என்றால் ஆன் தீபாவளி டே, அந்த நுணுக்கம் வரைக்கும் பொருந்துகிறது. பேச்சில் ‘அன்று’ என்பதை விழுங்கிவிட்டு “திங்கட்கிழமை வா” என்று மொட்டையாகச் சொல்வோம், அதுவும் ஆன்தான். திங்கட்கிழமை காலை என்றாலும் கிழமை முன்னால் நிற்பதால் ஆன் மண்டே மார்னிங். பள்ளியில் எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை, முப்பது வயதுக்கு மேல் நானாகத்தான் கவனித்தேன், கவனித்த அன்று கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. உதைக்கிற இடம் ஒன்றுதான் பெரிதாக எனக்குத் தெரிகிறது. இரவில் என்பது அட் நைட். அதை மட்டும் கட்டிப்போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த திங்கள், போன வாரம், இந்த மாதம், ஒவ்வொரு நாளும் என்று வரும்போது தமிழில் பெரும்பாலும் உருபே போட மாட்டோம், இங்கிலீஷிலும் ஒன்றும் போடக்கூடாது. ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’ என்று எழுதுகிறவர்கள் இங்கிலீஷையும் மீறுகிறார்கள், தமிழையும் மீறுகிறார்கள். அங்கே போ என்று சொல்கிறோம், அங்கேக்குப் போ என்று யாரும் சொல்வதில்லை, ‘கோ தேர்’ அப்படித்தான், டு வேண்டாம். வீட்டுக்குப் போ என்பதில்தான் நாம் ஏமாறுவோம், ‘கோ டு ஹோம்’ என்று வந்து விழும். இங்கிலீஷில் ஹோம் என்ற சொல் அங்கே, இங்கே மாதிரிதான் நடந்துகொள்ளும், கோ ஹோம், அவ்வளவே.

ஐந்து வருடமாக என்பதில் இருக்கிற ‘ஆக’ ஃபோர். 2019இலிருந்து என்பதில் இருக்கிற ‘இருந்து’ சின்ஸ். ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதத் தோன்றினால் தமிழில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள், “ஐந்து வருடத்திலிருந்து இங்கே வேலை செய்கிறேன்” என்பது காதுக்கே ஒட்டாது.

வெள்ளிக்கிழமைக்குள் என்பதும் வெள்ளிக்கிழமை வரை என்பதும் வேறு வேறு என்று ஆறு வயதுப் பிள்ளைக்குக் கூடத் தமிழில் தெரியும். முதலாவது பை, இரண்டாவது அன்டில். தெரிந்தும் நான் மாட்டினேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, சீனப் பெருநாள் வாரம், வெள்ளிக்கிழமை வரை அலுவலகம் மூடியிருக்கும் என்று வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போடச் சொன்னார்கள். ‘அன்டில்’ என்பதை விட ‘பை’ கொஞ்சம் அலுவலகத்தனமாக இருக்கும் என்று நானே முடிவு செய்து, அலுவலகம் ‘வில் பி குளோஸ்ட் பை ஃபிரைடே’ என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் முதலாளியின் கைப்பேசிக்கே அழைத்து, கம்பெனியை இழுத்து மூடப்போகிறீர்களாமே, என் கண்டெய்னர் கதி என்ன என்று கேட்டார். வெள்ளிக்குள் மூடிவிடுவோம் என்றுதானே நான் எழுதியிருந்தேன். அவர் மேல் தப்பே இல்லை. அன்றிலிருந்து எது வரை மூடல் என்று எழுதுவதையே விட்டுவிட்டேன், என்றைக்குத் திறப்போம் என்று தேதியோடு எழுதிவிடுகிறேன். அன்டில் போட்டாலும் அந்த வெள்ளி மூடலில் சேர்த்தியா இல்லையா என்ற சந்தேகம் நிற்கத்தான் செய்யும். இன்னொன்று, ‘இன் டூ வீக்ஸ்’ என்று யாராவது எழுதினால் இரண்டு வாரம் கழித்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குள் என்றால் அவர் ‘விதின்’ என்று எழுதியிருப்பார். சரக்குத் தொழிலில் இந்த ஒரு சொல்லுக்காகச் சண்டையே நடக்கும்.

இதுவரை சொன்னதில் ஏதோ ஒரு கணக்கு இருந்தது. இனி வருவதில் கணக்கு கொஞ்சம்தான்.

கோபம் வந்தால் தமிழில் அவன் மேல் கோபம், அதனால் ‘ஆங்ரி ஆன் ஹிம்’ என்று நம் வாயில் வரும். பட்டியலின் சதி இது. இங்கிலீஷில் ஆங்ரி வித் அல்லது ஆங்ரி அட். நாய்க்குப் பயம் என்பது ‘அஃப்ரெய்ட் டு’ ஆகாது, அஃப்ரெய்ட் ஆவ். கணக்கில் கெட்டிக்காரி என்பது இங்கே ஊர் முழுக்க ‘குட் இன் மேத்ஸ்’, சரியானது குட் அட். கல்யாணம் என்றால் தமிழில் அவரோடு, மலாயில் பெர்காவின் டெங்கான், இரண்டு மொழியும் சேர்ந்து தள்ளுவதால் ‘மேரிட் வித்’ என்று விழுகிறோம், அங்கே வேண்டியது மேரிட் டு. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. நம்மிடமும் இல்லையே. அவரைச் சந்தித்தேன், அவரோடு பேசினேன், அவரிடம் கேட்டேன், அவருக்குப் புரிந்தது. ஆள் ஒருவர்தான், நாலு வினைக்கு நாலு உருபு. வேற்றுமை எட்டு என்று தொல்காப்பியம் விளியையும் சேர்த்து எண்ணிச் சொல்கிறது, ஆனால் எந்த வினைக்கு எது என்று யாரும் பட்டியல் போட்டு நமக்குக் கற்றுத் தரவில்லை, ‘சந்தித்தேன்’ என்ற சொல்லோடு ‘ஐ’ ஒட்டிக்கொண்டே காதில் விழுந்தது. இங்கிலீஷிலும் முன்னிடைச்சொல்லுக்குத் தனக்குப் பின்னால் வருகிற பெயரை விட, முன்னால் நிற்கிற வினையோடுதான் உறவு அதிகம். டிபெண்ட் என்று ஒரு சொல் கிடையாது, டிபெண்ட் ஆன் என்றுதான் ஒரு சொல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

எதுவுமே போடக்கூடாத இடங்கள்தான் நம்மவர்களை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ‘டிஸ்கஸ் அபவுட்’ தெரியாத அலுவலகம் இந்த நாட்டில் உண்டா? அதைப் பற்றி விவாதித்தோம் என்று தமிழில் நினைக்கிறோம், பெர்பிஞ்சாங் தெந்தாங் என்று மலாயில் படித்திருக்கிறோம், அபவுட் வராமல் எப்படி இருக்கும். ஆனால் டிஸ்கஸுக்குப் பின்னால் நேராக விஷயம்தான் வர வேண்டும். இதே மாதிரி எம்ஃபசைஸ் ஆன், ரிக்வெஸ்ட் ஃபோர், அப்ரோச் டு, என்டர் இன்டு, ரீச் டு, கான்டாக்ட் வித், எல்லாவற்றிலும் ஒட்டு அதிகப்படி. குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், இவற்றில் பலதுக்கும் பெயர்ச்சொல் வடிவம் ஒன்று உண்டு, அதற்கு மட்டும் ஒட்டு வேண்டும். டிஸ்கஷன் அபவுட் சரி, எம்ஃபசிஸ் ஆன் சரி, எ ரிக்வெஸ்ட் ஃபோர் லீவ் சரி. வினையாக மாறினால் கழற்றிவிட வேண்டும்.

இதற்கு நான் வைத்திருக்கிற ஒரு சோதனை பாதி வேலை செய்யும். அந்த இங்கிலீஷ் வினைக்குக் கொஞ்சம் எழுத்துத் தமிழில் ஒரு வினையைத் தேடுங்கள். விவாதி, வலியுறுத்து, கோரு, அணுகு, அடை, மண. இவை எல்லாம் ‘ஐ’ ஏற்பவை. திட்டத்தை விவாதித்தோம், விடுப்பைக் கோரினேன், மேலாளரை அணுகினேன், ஊரை அடைந்தேன், அவளை மணந்தான். ‘ஐ’ வந்தால் இங்கிலீஷில் ஒட்டு வேண்டாம். மணந்தான் என்பதற்கு மேரிட் ஹெர், வித்தும் இல்லை டுவும் இல்லை. மீதிப் பாதி எங்கே உடையும் என்றால் அன்றாடச் சின்னச் சொற்களில். பாட்டைக் கேட்டேன், ஆனால் லிசன் டு. படத்தைப் பார், ஆனால் லுக் அட். பஸ்ஸை எதிர்பார்த்து நின்றேன், ஆனால் வெயிட் ஃபோர். இந்த மாதிரிச் சொற்களைத் தனியாக நெட்டுருப் போட வேண்டியதுதான், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மலேசியாவில் அடிக்கடி காதில் விழுகிற சங்கதி இரண்டு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் “பாஸ் அப் யுவர் புக்ஸ்” என்பார், நாமும் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுப்போம். வெளிநாட்டில் பாஸ் அப் என்றால் கிடைத்த வாய்ப்பை வேண்டாம் என்று விடுவது. வேலைக்கான விண்ணப்பத்தை ‘பாஸ் அப்’ செய்துவிட்டேன் என்று அங்கே எழுதினால் அவர்கள் அனுதாபப்படுவார்கள். ஒப்படைப்பதற்கு ஹேண்ட் இன். இன்னொன்று, ‘ஆஃப் தி லைட்’, ‘ஆன் தி ஃபேன்’. தமிழில் லைட்டை ஆஃப் பண்ணு என்று அந்தச் சின்னச் சொல்லையே வினையாக்கிவிட்டோம், அது அப்படியே திரும்ப இங்கிலீஷுக்குள் நுழைந்தால் சுவிட்சைக் காணோம். சுவிட்ச் ஆஃப் என்றோ டர்ன் ஆஃப் என்றோ வினை ஒன்று முன்னால் வேண்டும். வீட்டில் நானும் ஆஃப் தி லைட் என்றுதான் சொல்கிறேன், வீட்டில் யார் மார்க் போடப் போகிறார்கள்.

வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக்கூடாது என்று யாராவது உங்களைத் திருத்தியிருந்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 1672இல் ஜான் டிரைடன் என்ற கவிஞர் தனக்கு முந்திய ஒரு நாடகாசிரியரின் வரிகளில் அதைக் குறையாகச் சொன்னார், பின்னால் வந்தவர்கள் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். ‘ஹூ டிட் யூ கோ வித்’ என்று யாரும் தாராளமாகக் கேட்கலாம்.

மருமகளுக்கு இப்போது நான் செய்யச் சொல்லியிருப்பது ஒன்றுதான், பட்டியல் நோட்டை மூடிவிட்டு, படிக்கிறபோது கண்ணில் படுகிற சொல்லை அதன் மூட்டோடு சேர்த்து, கூடவே தன் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியமாக எழுதி வைக்கச் சொன்னேன். முதல் பக்கத்தில் ‘அஃப்ரெய்ட் ஆவ்’ போட்டுப் பக்கத்தில் கணக்கு டீச்சரைப் பற்றி ஏதோ எழுதியிருந்தாள், அதை இங்கே சொல்வதற்கில்லை. இரண்டாம் பக்கத்தில் ‘ஆன் தி பெர்ரி’ இருந்தது, கூரை மேல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிற படத்தோடு.

போன வாரம் இன்னொரு கேள்வியோடு வந்தாள். ஒரு அமெரிக்கத் தொடரில் ‘ஆன் தி வீக்கெண்ட்’ என்கிறார்கள், பாடப் புத்தகத்தில் ‘அட் தி வீக்கெண்ட்’ என்று இருக்கிறது, எது சரி? இரண்டும் சரி. பிரிட்டிஷ் வழக்கில் அட், அமெரிக்க வழக்கில் ஆன். தெருவில் என்பதற்கும் பிரிட்டிஷ்காரர்கள் இன் தி ஸ்ட்ரீட், அமெரிக்கர்கள் ஆன் தி ஸ்ட்ரீட். நோயாளியாகப் படுத்திருந்தால் பிரிட்டிஷ்காரர்களுக்கு இன் ஹாஸ்பிட்டல், அமெரிக்கர்களுக்கு நடுவில் ஒரு ‘தி’ வேண்டும். நம் பாடப் புத்தகம் பிரிட்டிஷ் பக்கம், நம் டிவி அமெரிக்கப் பக்கம், அதனால் பரீட்சையில் ஒரு கட்டுரைக்குள் ஏதாவது ஒரு பக்கமாக இருந்துகொள் என்று சொன்னேன். “நீங்க ஆபீஸ்ல எப்படி எழுதுவீங்க?” லண்டன்காரருக்கு அட் போடுகிறேன், அமெரிக்கருக்கு ஆன் போடுகிறேன், இங்கே கூட்டாளிகளுக்கு “வீக்கெண்ட் ஃப்ரீயா?” என்று எதையும் போடாமல் அனுப்புகிறேன்.